எடிட்டிங் கற்பவருக்கு எந்தக் கணிப்பொறி?

வீடியோ எடிட்டிங் பயில விரும்பும் இளைஞர் ஒருவர், தந்தையாரிடம் பல மாதங்கள் மன்றாடிப் பெற்ற பணத்துடன் சென்னை ரிச்சி தெருவிலோ தம் ஊர்க் கணிப்பொறிக் கடையிலோ போய் நிற்கும்போது, அங்கே எழ வேண்டிய முதற் கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. ‘பட்ஜெட் எவ்வளவு?’ என்பதிலேயே பேச்சு தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. எந்தக் காமிராவில், எவ்விதமாகச் சுருக்கிப் பதிவான காட்சிகளை அவர் வெட்டித் தொகுக்கப் போகிறார் என்பதல்லவா முதலில் தெளிவாக வேண்டிய விஷயம்? அது தெளிவாகாததால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு வீணாவது ஒரு துயரம்; ‘நல்ல சிஸ்டம் வாங்கிய பிறகு கற்றுக்கொள்ளலாம்’ என்று ஆர்வமுள்ளவர்கள் வருஷக்கணக்காகக் காத்திருப்பது அதனினும் பெரிய துயரம். இவ்விரண்டுக்கும் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே ஆராய விரும்புகிறேன்.

‘விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் எடிட்டிங் நடக்காது’

நம்பிக்கைகளுள் மிக வேரூன்றியதும், மிகுந்த செலவு வைப்பதும் இதுவே. இதன் உண்மையை அறிய, காட்சி எப்படிப் பதிவாகிறது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். 2003-இல் வெளியான எச்.264 முறையிலும், 2013-இல் அதன் வாரிசாக வந்த எச்.265 முறையிலும், ஒவ்வொரு பிரேமும் முழுப் படமாகச் சேமிக்கப்படுவதில்லை. இடையிடையே சில பிரேம்கள் மட்டும் முழுமையாக இருக்க, ஏனையவை யாவும் அண்டையிலுள்ள பிரேம்களிலிருந்து எவ்வாறு மாறுபடுகின்றன என்ற குறிப்புகளாகவே வைக்கப்படுகின்றன. படம் பார்ப்பவர் தொடக்கத்திலிருந்து முடிவை நோக்கியே செல்வதால் அவருக்கு இதனால் இடையூறு ஒன்றுமில்லை. எடிட்டரோ டைம்லைனில் நினைத்த இடத்துக்குத் தாவுகிறார், பின்னோக்கி இழுக்கிறார், ஒரே விநாடியைப் பத்து முறை திருப்பிப் பார்க்கிறார். அவருடைய ஒவ்வொரு தாவலுக்கும், அருகிலுள்ள முழுப் பிரேமைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வேண்டிய பிரேம் வரை வரிசையாக விரித்துக் கணக்கிடும் சிரமம் யந்திரத்துக்கு நேர்கிறது. ‘லேக் ஆகிறது’, ‘ஸ்டக் ஆகிறது’ என்று கற்பவர்கள் சொல்லி வருந்துவதில் பெரும் பகுதி இங்கேதான் பிறக்கிறது.

இந்த விரிக்கும் வேலைக்கென்றே தனியாக அமைந்த ஒரு சிறு பகுதியை இன்டெல் நிறுவனம் 2011 முதல் ‘குயிக் சிங்க்’ என்ற பெயரில் தன் பிராசஸருக்குள்ளேயே, அதிலுள்ள உள்ளமை கிராபிக்ஸின் அங்கமாக, வைத்து வருகிறது. பெயரின் இறுதியில் ‘எஃப்’ என்ற எழுத்தைத் தாங்கிய இன்டெல் பிராசஸர்களில் உள்ளமை கிராபிக்ஸ் கிடையாது. ஆகவே குயிக் சிங்க்கும் கிடையாது. விலை சற்றுக் குறைவென்று அதனை வாங்கி, மிச்சப்பட்ட தொகையைக் கார்டில் போடுமாறு கற்பவருக்குச் சொல்லப்படும் யோசனை, நல்லெண்ணத்துடன் சொல்லப்பட்டாலும், பல சமயங்களில் அவருக்குப் பாதகமாகவே முடிகிறது. இப்போது கல்யாண வீடியோ எடுப்பவர்களிடையே பரவிவரும் சில காமிராக்கள் எச்.265-இல் 10 பிட், 4:2:2 வண்ணத்தில் பதிவு செய்கின்றன. அவ்வகைக் காட்சியை வன்பொருளின் உதவியால் விரிக்கும் ஆற்றல் இன்டெலின் மேசைக் கணிப்பொறிகளுக்கு 2021-இல் வந்த 11-ஆம் தலைமுறையிலேயே கிடைத்துவிட்டது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் வரிசைக்கோ 2025-இல் வந்த 50-ஆம் வரிசையில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆர்டிஎக்ஸ் கார்டுக்குப் பெருந்தொகை கொடுத்தவர், இந்த ஒரு காரியத்தில், சாதாரண உள்ளமை கிராபிக்ஸ் வைத்திருப்பவரைவிடப் பின்தங்கி நிற்கக்கூடும்.

கார்டு பிரயோஜனமற்றது என்பது என் வாதமன்று. வண்ணத் திருத்தம், சிறப்பு விளைவுகள் ஆகியவற்றில் அதன் உழைப்பு அதிகம். டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள் அதனையே பிரதானமாக நம்பியிருக்கிறது. ஆனால் வெட்டுவதையும் ஒட்டுவதையும், எந்த இடத்தில் ஒரு காட்சியை நிறுத்த வேண்டும் என்ற நுட்பத்தையும் முதல் ஆண்டில் பழகுகிறவருக்கு அது முதல் தேவையாகாது. தாம் எடுத்த காட்சிகளையே ஒரு பென் டிரைவில் கொண்டுசென்று, வாங்க நினைக்கும் யந்திரத்தைப் போன்ற ஒன்றில் திறந்து, டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்ப்பதைக் காட்டிலும் சிறந்த பரீட்சையை நான் அறியேன்.

‘கேமிங் லேப்டாப் எல்லாவற்றுக்கும் போதும்’

ஒரே பெயருள்ள கார்டு எல்லா லேப்டாப்பிலும் ஒரே வேகத்தில் இயங்கும் என்று எண்ணுவது தவறு. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம்; பெட்டியின் மேல் பெயர் மட்டுமே பெரிதாக அச்சாகியிருக்கும். திரையையும் கவனிக்க வேண்டும். விலை குறைந்த மாதிரிகள் பலவற்றில் ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்று குறிக்கப்பட்ட திரையே பொருத்தப்படுகிறது. அது எஸ்ஆர்ஜிபி வண்ண எல்லையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் காட்டும். அத்தகைய திரையைப் பார்த்து மணப்பெண்ணின் பட்டுப்புடவைக்குச் சிவப்பு கூட்டியவர், பிறர் வீட்டுத் தொலைக்காட்சியில் அதைக் காணும்போது திகைத்துப்போகிறார்.

‘4கே காட்சிகளைச் சாதாரண யந்திரத்தில் தொகுக்க முடியாது’

முடியும், தொழிலில் நெடுங்காலமாக அப்படித்தான் நடந்துவருகிறது. மூலக் காட்சிகளுக்குத் தரம் குறைந்த பிரதிகளை உண்டாக்கி, அவற்றைக் கொண்டு தொகுத்து முடித்து, இறுதியில் மட்டும் மூலத்துக்குத் திரும்புவதைப் பிராக்ஸி முறை என்கிறார்கள். 4கே பிரேம் ஒன்றில் ஏறக்குறைய 83 லட்சம் புள்ளிகள் உள்ளன. 720 பிக்சல் உயரமுள்ள பிராக்ஸியில் அதில் ஒன்பதில் ஒரு பங்குதான். பிரீமியர், ரிசால்வ் இரண்டிலும் இந்த வசதி உண்டு. ரிசால்வின் இலவசப் பதிப்பே 3840-க்கு 2160 அளவு வரை, விநாடிக்கு 60 பிரேம் வரை வெளியிட இடம் தருகிறது. பிரதிகளை உண்டாக்க ஓர் இரவு ஆகலாம். உறங்கும் நேரத்தில் யந்திரம் அதைச் செய்துகொள்ளட்டும்.

2003-இல் வெளிவந்த ‘கோல்ட் மவுன்டன்’ என்ற ஹாலிவுட் படத்தை எடிட்டர் வால்டர் மர்ச், பவர் மேக் ஜி4 யந்திரங்களில், ஃபைனல் கட் புரோ மென்பொருளைக் கொண்டு, பிலிமிலிருந்து மாற்றிய தரம் குறைந்த டிஜிட்டல் பிரதிகளை வைத்தே தொகுத்தார். எடிட்டிங்கிற்கான ஆஸ்கார் பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. கல்லூரி மாணவர் கையிலுள்ள சாதாரண லேப்டாப் அந்த யந்திரங்களைவிடப் பன்மடங்கு வலிமை வாய்ந்தது.

நினைவகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8 ஜிபி நெருக்கடியானது; தொடங்குகிறவருக்கு 16 ஜிபி போதுமானது; அதையும் ஒரே துண்டாக அன்றி இரண்டு 8 ஜிபி துண்டுகளாகப் போட்டால் உள்ளமை கிராபிக்ஸுக்கு வேகம் கூடும். ‘ஆப்பிள் மேக் இருந்தால்தான் எடிட்டர்’ என்ற அபிப்பிராயத்துக்கும் ஆதாரமில்லை. 2020-இல் வந்த எம்1 சில்லு முதல் மேக் யந்திரங்கள் சுருக்கிய காட்சிகளைத் திறமையாகவே விரிக்கின்றன என்பது மெய்; ஆனால் அவற்றில் நினைவகத்தைப் பின்னால் கூட்ட வழியில்லாததால், வாங்கும் நாளிலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

சேமிப்பில் பலரும் வேகத்துக்குப் பணம் கொடுத்து இடத்துக்குத் தவிக்கிறார்கள். விநாடிக்கு 100 மெகாபிட் வீதம் பதிவாகும் 4கே காட்சி, விநாடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி ஆகிறது. சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே விநாடிக்கு 500 மெகாபைட்டுக்கு மேல் தரும்போது, விளம்பரங்களில் வரும் 7000 என்ற எண்ணுக்காகக் கூடுதல் தொகை கொடுப்பதில் கற்பவருக்குப் பெரிய ஆதாயமில்லை. அந்தத் தொகைக்கு மூலக் காட்சிகளின் நகலை வைக்க இன்னொரு டிரைவ் வாங்கலாம்.

இறுதியாக, கைப்பேசியில் எடுத்த நேர்காணலில் போகப் போக உதட்டசைவும் குரலும் விலகிச் செல்வதைக் கண்டு, கணிப்பொறி மெதுவாக இருப்பதே காரணம் என்று எண்ணி அதையே மாற்றத் துணிகிறவர்கள் உண்டு. கைப்பேசிகள் பல, ஒளிக்கும் சூட்டுக்கும் ஏற்ப விநாடிக்கு எத்தனை பிரேம் என்ற கணக்கைப் பதிவின்போதே மாற்றிக்கொண்டு போகின்றன. அந்த ஏற்றத்தாழ்வை எடிட்டிங் மென்பொருள் சரியாகப் பின்பற்றாதபோது இந்த விலகல் நேர்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கோப்பை நிலையான பிரேம் வேகத்துக்கு மாற்றிய பின் டைம்லைனில் வைத்தால், பழைய யந்திரத்திலேயே உதடும் சொல்லும் கடைசி வரை ஒன்றாகச் செல்லும்.