பீக்கர் ஏன் மஞ்சளாச்சு?

பப்பிள் டீ குடிச்சிருப்பீங்க. பல்லில் பட்டதும் வெடிச்சு ஜூஸ் தெறிக்கிற உருண்டைகளும் சில கடைகளில் போடுவாங்களே, அதன் தோல் பெரும்பாலும் ஆல்ஜினேட். பழுப்புக் கடற்பாசியின் செல் சுவரில் இருக்கும் சர்க்கரைச் சங்கிலி அது. ராமநாதபுரம் கடலோரத்தில் கட்டக்கோரை, பக்கோடா பாசி என்று பேர் சொல்லிச் சேகரிக்கிறார்களே, அவற்றிலிருந்தும் எடுக்கலாம்.

அந்த உருண்டைக்குள்ள ஜூஸுக்குப் பதிலா மருந்தை வச்சா என்ன?

வீட்டில் யாராவது இன்சுலின் ஊசி போட்டுக்கறாங்களா? அதை ஏன் மாத்திரையா தர்றதில்லைன்னு யோசிச்சிருக்கீங்களா? இன்சுலின் 51 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம். வாய்வழியா போனா, வயிற்றுக்கு அதுவும் அவிச்ச முட்டையும் ஒண்ணுதான், செரிச்சுத் தள்ளிடும். ஆக நமக்கு வேண்டியது இரைப்பையில் மூடியே இருந்து, குடலுக்குப் போனதும் திறக்கும் ஒரு பெட்டி. சென்சார் கிடையாது, பேட்டரி கிடையாது. எப்படித் திறக்கும்?

ஆல்ஜினேட் சங்கிலியில் குலுரானிக் அமிலம், மேனுரானிக் அமிலம் என்று இரண்டு வகைக் கண்ணிகள். குலுரானிக் வரிசையா வரும் இடங்களில் சங்கிலி வளைஞ்சு வளைஞ்சு, முட்டை அட்டை மாதிரி குழி குழியா இருக்கும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வர, குழிகளுக்குள் கால்சியம் அயனிகள் முட்டையாக உட்கார்ந்துவிடும். இறுகிய ஜெல் தயார். 1973-இல் வெளியான இந்த விளக்கத்துக்கு 'முட்டைப்பெட்டி மாதிரி' என்றே பேர்.

இரைப்பை அமிலத்தில் சங்கிலியின் கார்பாக்சில் முனைகள் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு மின்னேற்றத்தை இழக்கின்றன. கால்சியம் கழன்றாலும் பரவாயில்லை. ஆல்ஜினிக் அமிலம் நீரில் கரையாது, உருண்டை சுருங்கிக்கொள்ளும். குடலில் பிஎச் 6, 7-ஐத் தொடும்போது முனைகள் மறுபடி எதிர்மின்னாகி ஒன்றையொன்று தள்ளும். அங்குள்ள சோடியமும் பாஸ்பேட்டும் கால்சியத்தை இழுத்துவிடும். உருண்டை உப்பும், கரையும். பூட்டும் பிஎச்தான், சாவியும் பிஎச்தான்.

படிக்க அழகா இருக்குல்ல? நாங்களும் அப்படி நம்பித்தான் லேபில் இறங்கினோம். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட், அதில் பொடித்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை. சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டா விட்டோம். ஜவ்வரிசி மாதிரி மஞ்சள் உருண்டைகள். ஒரே குஷி! சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா உருண்டை வெளுத்திருக்கு, பீக்கர் மஞ்சளா இருக்கு. அமிலத்தைக் காட்டுறதுக்கு முன்னாடியே பாதி சரக்கு வெளியே!

காரணம் சிம்பிள். ஜெல் என்பது வலை. ரைபோஃபிளேவின் மூலக்கூறு அந்த வலைக்கண்ணைவிட ரொம்பச் சின்னது. இன்சுலினும் அப்படியொன்றும் பெரிசில்லை, அதுவும் மெல்லக் கசியும். 'மருந்தை ஆல்ஜினேட்டில் அடைத்தோம்' என்று எந்தப் பேப்பரில் படித்தாலும், போட்டதில் எவ்வளவு உள்ளே நின்றது என்ற எண்ணை முதலில் தேடுங்க. அது இல்லாத கட்டுரையை நான் நம்புறதில்லை.

இதற்கு வைத்தியமும் கடலிலேயே இருக்கு: இறால் ஓடு. அதிலுள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான். நேர்மின் கொண்டது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் கரையும். எதிர்மின் ஆல்ஜினேட் உருண்டையை அதில் முக்கினால் மேலே ஒரு தோல் படியும், வலைக்கண் நெருக்கமாகும். குடலின் சளிப்படலமும் எதிர்மின் என்பதால் கைட்டோசான் அங்கே ஒட்டிக்கொள்ளும், குடல் செல்களுக்கு நடுவிலுள்ள இறுக்கமான இணைப்புகளைக் கொஞ்ச நேரம் தளர்த்தவும் செய்யும். இன்சுலினுக்கு நிஜமான சுவர் அந்த இணைப்புதான். பெட்டி சரியான இடத்தில் திறந்தாலும், ரத்தத்துக்குள் போகாத மருந்தால் என்ன லாபம்? ஊசி இன்னும் வீட்டு ஃபிரிட்ஜில் இருப்பதற்கு இது பெரிய காரணம்.

1980-இல் லிம், சன் என்ற இருவர் வேறு வழியில் யோசிச்சாங்க. இன்சுலினை விட்டுட்டு, அதைச் சுரக்கும் கணையச் செல்களையே ஆல்ஜினேட் உறைக்குள் வைத்து, நீரிழிவு உண்டாக்கிய எலிகளின் உடலில் பதித்தார்கள். சர்க்கரையும் ஆக்சிஜனும் உள்ளே போகலாம், இன்சுலின் வெளியே வரலாம், தாக்க வரும் எதிர்ப்பு செல்கள் நுழைய முடியாது. இரண்டு மூன்று வாரம் எலிகளின் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. நம்மைக் கவிழ்த்த அதே ஓட்டை வலை, அங்கே உதவிக்கு வந்தது.

அடுத்த வாரம் கைட்டோசானில் முக்கி எடுத்து மறுபடி செய்தோம். உருண்டைகளில் பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கிச்சு. ஆனா பீக்கர் இந்தத் தடவை வெளிர் மஞ்சள்தான்.