விரதமும் வெற்றிலைத் தட்டமும்

கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை மச்சம், மாமிசம் தவிர்ப்பதோடு, புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவதையும் அடியார்கள் சிலர் விட்டுவிடுகின்றனர். முப்பது வருடப் பழக்கமும் பத்து நாள் அடங்கிப் போகின்றது. கொடி இறங்கியதும் தட்டம் மீண்டும் திண்ணைக்கு வந்துவிடுகின்றது.

இதனை மனவுறுதிக் குறைவு என்று மட்டும் கூறிவிட முடியாது. பழக்கமானது இடத்தையும் நேரத்தையும் பற்றி நிற்பது. சோறு உண்டு கை கழுவித் திண்ணையில் இருந்ததும் கை தானாகவே தட்டத்தைத் தேடும். திருவிழாக் காலத்தில் அந்நேரம் கோயில் வீதியிற் கழிகின்றது. ஆகவே தட்டத்தை அகற்றி, உண்டவுடன் வாய் கொப்பளித்துச் சிறிது தூரம் நடப்பதை அதே நேரத்தில் வழக்கமாக்க வேண்டும்.

இலண்டன் ஆய்வாளர்கள் 2009 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், புதிய செயலொன்று பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் சென்றன. மண்டலாபிஷேகத்தின் 48 நாட்களிலும் இது கூடியது. இடையில் ஒருநாள் தவறியமை பெரிதும் பாதிக்கவில்லை என்பது ஆறுதலான செய்தி.

புகையிலையை மட்டும் விட்டாற் போதுமென்பது தவறு. பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலில் உறுதிசெய்துள்ளது. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப்புற்றுநோயே. சுவாமிக்கு வைக்கும் தாம்பூலம் வேறு, நாள்தோறும் மெல்லுவது வேறு.

இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்கச் சிரமம் ஆகியவற்றுள் எது காணப்பட்டாலும் தாமதியாது அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.