பயன்படுத்திய நீருக்கும் கால எல்லை உண்டு

நீரை வடிகட்டிப் பயன்படுத்துதல் நம் இல்லங்களில் அறமாகவே பயின்றுவரும் வழக்கம். வடித்த நீரையும் காய்ச்சிய நீரையும் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதற்கும் முன்னோர் எல்லை வகுத்தனர். ஆனால், குளித்தும் துவைத்தும் முடித்தபின் வெளியேறும் நீரைப் பற்றி நாம் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. அது தேங்குமிடத்தில் கொசுப்புழுக்கள் தோன்றுகின்றன. பின்னர் அவற்றை மருந்து தெளித்துக் கொல்கிறோம். தேங்காமல் காத்தால் கொல்லும் நிலையே எழாது. மலக்கழிவு கலவாத அந்நீரைத் தூய்மை செய்து மீண்டும் பயன்கொள்ளும் முறையை இங்குக் காண்போம்.

முதலில் அளவை அறிவோம். நகர வீடுகளில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை என்பது இந்தியத் தர நிர்ணயக் கணக்கு. அதில் குளிக்க 55 லிட்டர், துணி துவைக்க 20 லிட்டர், கழிப்பறைக்கு 30 லிட்டர். எனவே நால்வர் வாழும் வீட்டில் குளியலும் துவையலும் நாள்தோறும் 300 லிட்டர் நீரை வெளியேற்றுகின்றன. கழிப்பறைத் தேவையோ 120 லிட்டர். எஞ்சும் 180 லிட்டர் மரம் செடிகளுக்கு ஆகும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வறண்டு சென்னை மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றதை நினைப்போர்க்கு இதன் அருமை விளங்கும்.

இந்நீரை அப்படியே தொட்டியில் சேமிக்கலாமா? ஆகாது. இதிலுள்ள சோப்பு, எண்ணெய்ப் பசை, உடலழுக்கு ஆகியவற்றை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயு தீர்ந்துவிடும், நாற்றம் பிறக்கும். ஆதலின் தூய்மை செய்யாத நீரை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருத்தல் கூடாது.

தூய்மை செய்ய எளிய வழி கல்வாழைப் பாத்தி. 4 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழமுள்ள தொட்டியை, நீர் கசியாதவாறு சிமெண்டு பூசி அமைத்துச் சிறு ஜல்லியால் நிரப்புக. நீர் சல்லடை வழியே வந்து, சிறு தொட்டியில் வண்டல் தங்கியபின் பாத்தியின் ஒரு முனையில் நுழைய வேண்டும். மறுமுனைக் குழாயை 50 செ.மீ. உயரத்தில் பொருத்துக. அப்போது மேலுள்ள 10 செ.மீ. ஜல்லி உலர்ந்தே இருக்கும். கொசு முட்டையிட நீர்ப்பரப்பு கிடைக்காது. ஜல்லியின் இடைவெளி ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. ஆகவே பாத்தி 800 லிட்டர் கொள்ளும். நீர் இரண்டரை நாளுக்குமேல் மெல்ல நகர்ந்து செல்லும். கற்களில் படிந்த நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். கல்வாழை தழைச்சத்தை ஈர்த்துக்கொள்ளும்.

சில எச்சரிக்கைகள் தேவை. பாத்திரம் துலக்கிய நீரில் எண்ணெயும் உணவுத் துகளும் மிகுதி. அதனைப் பாத்தியில் சேர்க்காது புழக்கடை வாழைக்கு விடுக. மலம் பட்ட குழந்தைத் துணியையும் நோயாளர் துணியையும் அலசிய நீர் கழிவுநீர்க் குழாய்க்கே செல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடர் கலந்த நீர் பாத்தியின் நுண்ணுயிர்களை மாய்க்கும். சோடியம் மிகுந்த சலவைத்தூள் களிமண்ணை இறுகச் செய்யும். தூய்மையான நீரையும் வேரடியில் மட்டுமே பாய்ச்சுக. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்குத் தெளிக்கலாகாது. குடிக்க, சமைக்க, குளிக்க, திருமஞ்சனத்திற்கு இந்நீர் தகாது. சல்லடையை வாரந்தோறும் கழுவுக.

தோட்டமில்லா அடுக்ககத்தில் வாழ்வோரும் துணி அலசிய கடைசி நீரை வாளியில் பிடித்து, அன்றே கழிப்பறைக்குப் பயன்படுத்தலாம்.

பாத்தியிலும் உயிர்கள் உள்ளனவே எனச் சிலர் வினவலாம். இல்லறத்தார்க்கு ஆரம்ப ஹிம்சையை முற்றும் விலக்க இயலாது, குறைத்தல் இயலும். கழிப்பன கழிக்குமிடத்தில் உயிர்க்குத் தீங்கு நேராமல் காத்தலை உத்சர்க்க சமிதி என முனிவர்க்கு வகுத்தனர். அந்த விழிப்பை நம் குளியலறை வடிகாலிலும் இயன்ற அளவு மேற்கொள்வோமாக.