தொட்டி மீன்களின் நிறம் மாறுவது ஏன்?



மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திற் சீமெந்துத் தொட்டி கட்டி, பீலி நீரை விட்டு, அலங்கார மீன் வளர்த்துச் சிறிது பொருளீட்ட முயல்வோர் மலைநாட்டில் உளர். இவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது நிறத்திலேயாம். பொன்மீன் குஞ்சென வாங்கியவை மூன்று மாதஞ் சென்றும் சேற்று நிறமாகவே இருத்தலைக் கண்டு, விற்றவர் வஞ்சித்தாரெனச் சினந்து, அவற்றை ஓடையிற் கொட்டிவிடுகின்றனர். சற்றுப் பொறுத்திருப்பின் அவற்றுட் பல பொன்னிறம் பெற்றிருக்கும்.

மீனின் நிறம் நெல்மணியின் நிறம்போல் இனத்தால் மட்டும் அமைவதன்று. திருகோணமலைப் புறாத்தீவை அடுத்த முருகைக்கற் பாறைகளில் றாஸ் என்னும் மீன்குடும்பம் வாழ்கின்றது. உவர்நீர்த் தொட்டிகளில் வளர்க்கப்படுவதும் இக்குடும்பமே. இவற்றுட் சில, குஞ்சுப் பருவத்தில் ஒரு நிறமும் வளர்ந்தபின் வேறு நிறமும் கொள்ளும். பல இனங்களிற் பெண்மீனே பின்னர் ஆணாக மாறிப் புதுநிறம் பூணும். இதனால் முற்கால அறிஞர் ஒரே மீனின் இரு பருவங்களை இரு வேறு இனங்களெனப் பெயரிட்டதும் உண்டு. அறிஞரே மயங்கியபோது நாம் மயங்குதல் வியப்பன்று.

பொன்மீன் பாலை மாற்றுவதில்லை. ஆயினும் அதுவும் நிறம் மாறும். குஞ்சு பிறக்கும்போது பழுப்பு நிறமே. தோலிலுள்ள கருநிற உயிரணுக்கள் நாளடைவில் அழிய, அடியிலுள்ள மஞ்சளும் சிவப்பும் வெளிப்படும். நீர் வெப்பமாயின் இம்மாற்றம் முந்தும்; குளிராயின் பிந்தும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறக்குறைய 16 பாகை செல்சியசே. ஆகவே கொழும்பு வியாபாரி கூறும் மாதக் கணக்கை இங்கு நம்பற்க. அட்டனிற் குளிர் சற்றுக் குறைவு. வலப்பனை, ஹங்குரன்கெத்தையின் தாழ்ந்த வயலோரங்களில் மாற்றம் இன்னும் விரைவாகும். ஓராண்டு கழிந்தும் பழுப்பாகவே இருப்பனவும் சில உண்டு. அவற்றை இனப்பெருக்கத்துக்கு வைத்தல் கூடாது.

செம்மஞ்சள் நிறப்பொருளை மீன் தானே ஆக்கிக்கொள்ள மாட்டாது. உணவிலிருந்தே பெறல் வேண்டும். வெறும் தவிடும் பாணும் இட்டு வளர்த்த மீன் வெளிறிப்போவது இதனாலேயே. தொட்டிச் சுவரிற் படரும் பச்சைப் பாசியை முற்றாகச் சுரண்டிவிடாதீர்கள். மஞ்சட் சோள மாவும், உலர்த்திப் பொடித்த செவ்வந்தி இதழும் தீனியுடன் சிறிதளவு சேர்க்கலாம். சனவரி மாதக் குளிரிற் காலையிலே தீனி இடற்க. நீர் சூடேறிய நண்பகலிற் சிறிதே இடுக. குளிர்ந்த நீரிற் செரிமானம் மந்தமாதலால், எஞ்சிய தீனி அழுகி நீரைக் கெடுக்கும்.

வாங்கும்போது வெள்ளைப் பாத்திரத்தில் மட்டும் மீனைப் பார்த்து விலை பேசற்க. வெண்மையான அடியின்மேல் மீன் வெளிறும்; கரிய அடியின்மேல் நிறம் ஆழ்ந்து தோன்றும். நெடுந்தூரம் கொண்டுவரப்பட்ட மீனும் அச்சத்தால் மங்கியிருக்கும். ஓரிரு நாளில் தெளியும்.

ஆயினும், நன்னிறமுள்ள மீன் திடீரென மங்கி, நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து நின்றால், அதனை நிற மாற்றமென எண்ணி வாளாவிருத்தல் தகாது. உருளைக்கிழங்குக்குத் தெளித்த மருந்து காற்றிலோ மழைநீரிலோ தொட்டியை அடைந்ததா எனப் பார்க்க. செம்பு கலந்த பூஞ்சண மருந்துகள் மீனுக்கு நஞ்சு. பைரெத்திராய்டு வகைப் பூச்சி மருந்துகளோ மிகச் சிறு அளவிலும் கொல்லும். தெளிக்குமுன் தொட்டியை மூடுக. தெளிகருவியைப் பீலியடியிற் கழுவற்க. புதிய சீமெந்துத் தொட்டியின் சுண்ணக் காரமும் இவ்வாறே தீங்கு செய்யுமாதலால், இரண்டு மூன்று வாரம் நீர் நிரப்பி, பலமுறை மாற்றிய பின்னரே மீன் விடுக.

நிறம் வாராத மீனை ஓடையில் விடற்க. பொன்மீன் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்குவதோடு, அங்குள்ள நாட்டு மீன்களின் உணவையும் பறிக்கும். பழுப்பு மீனையும் வீட்டுத் தொட்டிக்கு வாங்குவோர் உளர். குறைந்த விலைக்கேனும் அவர்களிடம் கொடுத்துவிடுக.