பூட்டிய வீடும் பட்டா புத்தகமும்

கேள்வி: பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போகிறோம். போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார் எதிர்வீட்டுக்காரர். சொன்னால் காவலுக்கு ஆள் போட்டுவிடுவார்களா? தெருப் பையன்களே இரவு ரோந்து போகலாம் என்கிறார்கள். சரிவருமா?
- வாசகி, தாம்பரம்

பதில்: ஆள் போடமாட்டார்கள். ஆனால், ரோந்து வரும் காவலர் உங்கள் வீட்டுப் பக்கமும் ஒரு பார்வை பார்ப்பார். முகவரி, போகும் நாள், திரும்பும் நாள், செல்போன் எண் எல்லாம் எழுதிக் கொடுங்கள். ரோந்து வந்ததற்கு அடையாளமாக அவர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகம் உங்கள் பகுதியில் எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். அதைப் புரட்டினால் ரோந்தின் லட்சணம் தெரிந்துவிடும்!

நான் அதிகம் நம்புவது எதிர்வீட்டுக்காரரைத்தான். பால் பாக்கெட்டும் பேப்பரும் வாசலில் குவிந்தால், ஆள் இல்லை என்று ஊருக்கே தெரியும். இரண்டையும் நிறுத்துங்கள். வாசல் தெளித்துக் கோலம் போட யாரிடமாவது சொல்லுங்கள். நகை பேங்க் லாக்கரில் இருக்கட்டும். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைக்காதீர்கள். திருடன் முதலில் தேடுவதே அங்கேதான்.

பையன்கள் தடியோடு கிளம்ப வேண்டாம். போலீஸுக்குப் பொதுமக்கள் உதவட்டும் என்று 1993-ல் ராமநாதபுரத்தில் நல்லெண்ணத்தோடு தொடங்கிய ‘பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்புக்கே, 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் தாக்கப்பட்டு இறந்த சம்பவத்துக்குப் பிறகு தமிழக அரசு தடை போட்டது. சந்தேகமாக எதைப் பார்த்தாலும் 100-க்கு அழைக்கட்டும். ஊர்ப் படங்களை ஃபேஸ்புக்கில் போடுவதைத் திரும்பி வந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.