தூரிகையும் கணினியும்

"கணினி வந்த பிறகு கையால் வரைந்து பழகுவது எதற்கு?" உயர்தரத்தில் சித்திரம் கற்கும் எங்களிடம் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இதற்கான விடையை ஷாஸியா சிக்கந்தரின் படைப்புகளில் நான் காண்கிறேன்.

1969இல் லாகூரில் பிறந்த இவர், அங்குள்ள தேசியக் கலைக் கல்லூரியில் நுண்ணோவியம் பயின்றார். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி மெருகேற்றிய 'வஸ்லி' தாளில், அணில் முடித் தூரிகையால் மிகச் சிறிய கோடுகளை அடுக்கி வரையும் பொறுமையான கலை அது.

பின்னர், கையால் வரைந்த ஓவியங்களையே ஸ்கேன் செய்து கணினியில் அசைய வைத்தார். 2003இல் உருவான 'ஸ்பின்' என்ற படைப்பில், முகலாய தர்பார் மண்டபத்தில் கூடும் கோபியரின் கூந்தல் உடலைவிட்டுப் பிரிந்து பறவைக் கூட்டம்போல் பறக்கிறது. 2013இல் ஷார்ஜா ஈராண்டுக் கலைக் கண்காட்சியில் இடம்பெற்ற 'பேரலக்ஸ்', ஹோர்முஸ் நீரிணையைச் சூழ்ந்த வணிகத்தையும் அதிகாரப் போட்டியையும் பேசுகிறது. அதிலும் அந்தக் கூந்தல் உருவங்கள் திரள்திரளாக வருகின்றன.

அந்த உருவங்களுக்கு அசைவைக் கொடுத்தது கணினி. ஆனால் கோடு அவருடைய கையிலிருந்தே வந்தது. மரபை முறையாகக் கற்றிருந்ததால்தான் அதைப் புதிய கருவிக்குள் அவரால் கொண்டுசெல்ல முடிந்தது. ஆகவே தோழியரே, திரையைத் தொடுவதற்காகத் தூரிகையைக் கைவிட வேண்டியதில்லை. பிள்ளைகள் தாளோடு செலவிடும் நேரத்தைப் பெற்றோரும் வீணென்று எண்ண வேண்டாம்.