ஆட்டுப் புண்ணில் புழுவும் மருந்துக்கு அடங்காத ஈயும்

நாஞ்சில் நாட்டில் ஆண்டிற்கு இரு பருவமழை பெய்கின்றமையால், செம்மறி வளர்ப்போர் இருமுறை எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். ஈரமும் வெப்பமும் கூடிய நாட்களிலேயே புண்ணில் புழு மிகும். கவனியாது விட்டால் ஒரு வாரத்திற்குள் ஆடு மாண்டுபோதலும் உண்டு.

புழு தோன்றும் விதம்

புழு புண்ணிலிருந்து தானே உண்டாவதன்று. கிரைசோமியா பெஸ்ஸியானா என்னும் ஈ, புண்ணின் ஓரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒருசேர இடுகின்றது. இந்தியாவில் கால்நடைப் புழுப்புண்ணுக்கு இவ்வீயே முக்கிய காரணமென்பதை டபிள்யூ. எஸ். பேட்டன் 1920-இல் எழுதினார். முட்டை ஒரு நாளில் பொரியும். புழு ஏறக்குறைய ஒரு வாரம் உயிருள்ள தசையைத் தின்று, பின் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி ஈயாகும். குட்டியின் தொப்புள், முள் கீறிய இடம், உண்ணி கடித்த வடு, குளம்பிடுக்கு ஆகியவை அதற்கு வாயில்கள்.

சிகிச்சை

1. புண்ணைச் சுற்றியுள்ள மயிரைக் கத்தரிக்க வேண்டும்.
2. டர்பென்டைனில் நனைத்த பஞ்சைச் சிறிது நேரம் வைத்தால் புழுக்கள் வெளிவரும்; அவற்றை இடுக்கியால் முற்றிலும் எடுத்தல் வேண்டும். கற்பூரம் கலந்த தேங்காயெண்ணெயும், சீத்தா இலை விழுதும் இதற்கு உதவும்.
3. எடுத்த புழுவைத் தரையில் எறியாமல் கொதிநீரிலிட்டுக் கொல்ல வேண்டும்.
4. புண்ணைக் கழுவி, சுற்றிலும் வேப்பெண்ணெய் தடவி, ஆறும் வரை நாள்தோறும் பார்வையிட வேண்டும்.
5. ஆழ்ந்த புண்ணுக்குக் கால்நடை மருத்துவரின் ஊசிமருந்து அவசியம்.

மருந்து பலனற்றுப்போவது ஏன்?

ஆஸ்திரேலியாவில் கம்பளி ஆடுகளைத் தாக்கும் லூசிலியா ஈயின் வரலாறு நமக்குப் பாடமாகும். அங்கே 1950-களின் நடுவில் வந்த டீல்ட்ரின் சில ஆண்டுகளிலேயே பயனிழந்தது. அடுத்து நம்பிய டயாசினானும் 1960-களின் நடுவில் வலுவிழக்கத் தொடங்கிற்று. 1979-இல் வந்த சைரோமசின் முப்பதாண்டு நின்றது. 2011-இல் அதனையும் தாங்கும் ஈ காணப்பட்டது. நம் நாட்டிலும் டெல்டாமெத்ரினைத் தாங்கும் மாட்டுண்ணிகள் பல மாநிலங்களில் அறியப்பட்டுள்ளன.

மருந்து பூச்சிக்கு வலிமை தருவதில்லை. முன்னரே வலிமையுள்ள சிலவற்றை மட்டும் பிழைக்க விடுகின்றது. அவற்றின் சந்ததியே பின்னர்ப் பெருகும். அளவு குறைந்த மருந்தும், ஒரே வகை மருந்தை ஓயாது தெளித்தலும் இத்தேர்வைத் துரிதப்படுத்தும். பயிருக்குரிய விஷத்தைப் புண்ணிலிடுவது ஆட்டுக்கும் மனிதருக்கும் கேடு.

சங்கம் செய்யத் தக்கவை

ஈக்கு வேலி இல்லை. ஒருவர் மந்தையில் விழுந்த புழு அயலார் மந்தைக்கு ஈயாகும். ஆதலின் அங்கத்தினர் அனைவரும் ஒருமித்து முயலல் வேண்டும். மழைக்கு முன்னரே பொதுமருந்துப் பெட்டி ஒன்றைச் சித்தப்படுத்துக. குட்டி பிறந்தவுடன் தொப்புளில் அயோடின் தடவுக. காயடித்தலை உலர்ந்த மாதங்களுக்கு ஒதுக்குக. எம்மருந்து, எத்தேதியில், எவ்வளவு என்பதைப் பதிவேட்டில் எழுதி, மருந்து வகையை மாற்றுமுன் மருத்துவரின் ஆலோசனை பெறுக. ஈ பிறந்தபின் தெளிக்கும் விலையுயர்ந்த மருந்தினும், நாள்தோறும் புண்ணைப் பார்க்கும் கண்ணே மந்தைக்குச் சிறந்த காவல்.